பயண வேகத்தில் மட்டும் சூடேறும் இன்போர்டு டீசல்: எக்ஸ்சேஞ்சரை மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

நீலத்திரை

வணக்கம். எங்கள் பாய்மரப் படகில் இருப்பது மூன்று சிலிண்டரும் ஏறத்தாழ 30 குதிரைத்திறனும் கொண்ட இன்போர்டு டீசல் எஞ்சின். எஞ்சினுக்குள் கூலன்ட் சுற்றி வருகிறது. அந்தக் கூலன்ட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகக் கடல்நீர் குளிர்விக்கிறது. பின்பு அதே கடல்நீர் எக்ஸாஸ்ட் எல்போ என்ற வளைகுழாயில் புகையோடு கலந்து பின்பக்கமாக வெளியேறுகிறது. பலரிடமும் உள்ள வழக்கமான அமைப்புதான்.

ஐடிலிலும் 1,800 ஆர்பிஎம் வரையிலும் வெப்ப மீட்டரின் முள் 80 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. 2,600-க்கு ஏற்றிப் பயண வேகத்தில் ஓட்டினால் கால் மணி நேரத்துக்குள் முள் மெல்ல நகரத் தொடங்கி, 95-ஐத் தொட்டதும் எச்சரிக்கை மணி அடிக்கிறது. வேகத்தைக் குறைத்துவிட்டால் சில நிமிடங்களில் எதுவும் நடக்காதது போல மீண்டும் 80-க்கு வந்துவிடுகிறது.

இம்பெல்லரை, அதாவது கடல்நீர்ப் பம்பின் ரப்பர் இதழ்ச் சக்கரத்தை, புதிதாகப் போட்டாயிற்று. கழற்றிய பழைய இம்பெல்லரில் எல்லா இதழ்களும் முழுதாகவே இருந்தன. கூலன்ட் சூடானதும் அதற்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டும் புதிது. கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் குப்பை இல்லை, கூலன்ட் அளவு குறையவில்லை, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. எக்ஸாஸ்டில் தண்ணீர் விட்டு விட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் முன்பைவிட ஆவி அதிகமாகத் தெரிகிறது. முழு த்ராட்டில் கொடுத்தாலும் கியரில் 2,900-க்கு மேல் ஏறுவதில்லை. இந்த எஞ்சினுக்குக் கையேட்டில் சொல்லியிருப்பது 3,600. அந்த நேரத்தில் புகை சற்றுக் கறுப்பாக வருகிறது.

அடுத்ததாக ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாற்ற வேண்டியதுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய பாகத்தை வாங்குவதற்கு முன், காரணம் அதுதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாய்க்கயிறு

புதிய தெர்மோஸ்டாட்டாக இருந்தாலும் சரியாகத் திறக்கும் என்று சொல்ல முடியாது. அதை முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போது சூடு ஏறவில்லை என்றால் விஷயம் அதோடு முடிந்துவிடும். கூலன்ட் மாற்றிய பிறகு உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. மேல் பகுதியில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விடுங்கள்.

சுக்கான்

காற்றை வெளியேற்றிப் பார்ப்பது நல்ல யோசனை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். கூலன்ட்டில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். அந்தச் சோதனை எந்த விடையைக் கொடுத்தாலும் அதை நம்பி மேற்கொண்டு போக முடியாது. தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் இருந்தால் அதைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து, அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலைக்கு அருகில் திறக்கத் தொடங்குகிறதா என்று பார்த்துவிடலாம்.

நீலத்திரை எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது, குறைந்த வேகத்தில் சூடு ஏறவே இல்லை என்பது. புரொப்பல்லர் கேட்கும் சக்தி ஆர்பிஎம்மின் மும்மடிக்கு ஏறத்தாழ ஒத்துப் போகும். 2,600-ல் தேவைப்படும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 1,800-ல் தேவைப்படும். எனவே குளிர்விக்கும் அமைப்பின் திறன் பாதியாகக் குறைந்திருந்தால்கூட 1,800-ல் அது வெளியே தெரியாது. உங்கள் படகில் நடப்பது இந்த வகை என்று நினைக்கிறேன்: எதுவும் முற்றாக நின்றுவிடவில்லை, ஏதோ ஒன்றின் திறன் குறைந்திருக்கிறது. கழற்றிக் கண்ணால் பார்க்கும்போது நன்றாக இருப்பது போலத் தோன்றும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதால் இந்த வகைக் கோளாறு அகப்படாது. அளந்துதான் பிடிக்க வேண்டும்.

ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் போதும். பளபளக்கும் உலோகத்தின் மேல் நேராகக் காட்டினால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே அளக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்கவும். 2,600-ல் கியரில் ஓட்டி, முள் 90-ஐத் தாண்டும் நேரத்தில் நான்கு இடங்களின் அளவு வேண்டும்: தெர்மோஸ்டாட் கூடு, எக்ஸ்சேஞ்சருக்குள் கடல்நீர் நுழையும் இடம், அது வெளியேறும் இடம், கூலன்ட் வெளியேறும் இடம். தெர்மோஸ்டாட் கூட்டின் அளவு மீட்டரோடு ஒத்துப்போனால் மீட்டரும் சென்சாரும் சரி என்று அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையும் உடையும் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு படகை நேராக ஓட்டட்டும்.

கரைக்காற்று

முழு த்ராட்டிலில் 2,900-ஐத் தாண்டாததும் கறுப்புப் புகையும் சேர்ந்து வந்தால் நான் முதலில் புரொப்பல்லரைத்தான் பார்ப்பேன். அதில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்க வேண்டி வரும், அதுவே சூடேற்றும். படகின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது?

நீலத்திரை

அடிப்பாகத்தையும் புரொப்பல்லரையும் அண்மையில் படகைக் கரையேற்றியபோது சுத்தம் செய்தோம். நேற்றும் கீழே இறங்கிப் பார்த்தேன். கையால் தடவினால் வழுவழுவென்றுதான் இருக்கிறது. புரொப்பல்லரை மாற்றவில்லை, இதே புரொப்பல்லரோடு முன்பு 3,400-க்கு மேல் ஏறியிருக்கிறது.

சுக்கான் ஐயா சொன்னபடி அளந்துவிட்டேன். மீட்டர் 92 காட்டியபோது தெர்மோஸ்டாட் கூட்டில் 91. எக்ஸ்சேஞ்சருக்குள் நுழையும் கடல்நீர் 29, வெளியேறுவது 52. வெளியேறும் கூலன்ட் 86. காற்றும் வெளியேற்றிப் பார்த்தாயிற்று. ஒரு குமிழிகூட வரவில்லை.

சுக்கான்

இந்த அளவுகள் நிறையச் சொல்கின்றன. மீட்டர் சரியாக இருக்கிறது, எஞ்சின் உண்மையாகவே சூடாகிறது. அதைவிட முக்கியமானது, கடல்நீர் 29-லிருந்து 52-க்கு, அதாவது 23 டிகிரி ஏறியிருப்பது.

இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் படிவு ஏறி வெப்பம் கடக்க முடியாமல் போயிருந்தால், கூலன்ட் சூடாகவே இருக்கும், கடல்நீரோ அதிகம் சூடாகாமல் வெளியேறும். உங்கள் எக்ஸ்சேஞ்சரில் வெப்பம் நன்றாகவே கடல்நீருக்குக் கடக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் தண்ணீர் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஒரு கிலோவாட் வெப்பம், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஓடும் தண்ணீரைச் சுமார் 14 டிகிரி சூடாக்கும். இந்த எஞ்சின் 2,600-ல் கூலன்ட்டுக்குக் கொடுக்கும் வெப்பம் 15 கிலோவாட் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 23 டிகிரி ஏற்றத்துக்குப் பொருந்தும் ஓட்டம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 லிட்டர்தான். இந்த அளவு எஞ்சினுக்கு அந்த வேகத்தில் நான் எதிர்பார்ப்பது இதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே எக்ஸ்சேஞ்சரை வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கணக்கை மட்டும் நம்பாமல் ஓட்டத்தை நேராக அளந்துவிடுவது நல்லது. படகைத் துறையில் கட்டிவைத்துவிட்டு, நியூட்ரலில், எக்ஸாஸ்ட் வெளிவாயில் வாளியைப் பிடித்து, 900, 1,800, 2,600 ஆகிய மூன்று வேகங்களிலும் இருபது வினாடிக்கு எவ்வளவு நிரம்புகிறது என்று பாருங்கள். ரப்பர் இம்பெல்லர் பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு தண்ணீரைத் தள்ளும் வகை. வேகம் இரு மடங்கானால் தண்ணீரும் இரு மடங்குக்குப் பக்கத்தில் வர வேண்டும். வேகம் கூடியும் தண்ணீர் கூடவில்லை என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

பாய்க்கயிறு

ஒரு சந்தேகம். எஞ்சினை ஓட விடாமல் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினால், பம்பு தண்ணீர் தள்ளுவதை அமைதியாகப் பார்க்கலாம் அல்லவா? சத்தமும் சூடும் இல்லாமல் வேலை முடியும்.

சுக்கான்

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எஞ்சின் ஓடும்போது எக்ஸாஸ்ட் வாயுவின் வேகம்தான், எல்போவுக்கு அடுத்து வரும் வாட்டர்லாக் மஃப்ளர் என்ற சத்தம் குறைக்கும் கலத்தில் சேரும் தண்ணீரை மேலே தூக்கி வெளியே தள்ளுகிறது. ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றும்போது பம்பு தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளும் வாயு இருக்காது. மஃப்ளர் நிரம்பி, தண்ணீர் எல்போ வரை உயர்ந்து, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீர் நிறைந்த சிலிண்டரைப் பிஸ்டன் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும்.

இதே காரணத்தால்தான், எஞ்சின் எடுக்காமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டி வரும்போது சீகாக்கை, அதாவது கடல்நீர் படகுக்குள் வரும் வழியில் உள்ள வால்வை, மூடிவிட்டு முயற்சி செய்ய வேண்டும். எஞ்சின் எடுத்த அந்த நொடியே திறந்துவிட வேண்டும். திறக்க மறந்தால் இம்பெல்லர் உலர்ந்து கிழியும். அதனால் சீகாக்கை மூடும் கையாலேயே சாவியிலோ த்ராட்டிலிலோ ஒரு துணியைக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்காற்று

எங்கள் துறையில் ஒரு படகில் இதுவே நடந்தது. டீசல் லைனில் காற்று புகுந்திருந்தது. உரிமையாளர் வெகு நேரம் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று ஓர் ஓசையோடு நின்றுவிட்டது. டிப்ஸ்டிக்கை எடுத்தபோது ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலைப் பலமுறை மாற்றி அந்த எஞ்சினைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கே செய்ததால் பிழைத்தது. உப்புத் தண்ணீரை ஒரு வாரம் உள்ளே விட்டிருந்தால் சிலிண்டர் சுவர் துருப்பிடித்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீலத்திரை

எச்சரித்ததற்கு நன்றி. வாளிச் சோதனையை எஞ்சினை ஓடவிட்டே செய்தோம். நிமிடக் கணக்குக்கு மாற்றினால் 900-ல் 7 லிட்டர், 1,800-ல் ஒன்பதரை லிட்டர், 2,600-ல் 10 லிட்டர். 1,800-க்கு மேல் த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் வாளி நிரம்பும் வேகத்தில் வேறுபாடே தெரியவில்லை.

சுக்கான்

900-ல் 7 லிட்டர் என்றால் 2,600-ல் 20 லிட்டர் வர வேண்டும். பாதி எங்கோ நின்றுவிடுகிறது. இனி அந்த இடத்தைத் தேடுவோம். அதற்குக் கடல்நீர் வழியைப் பம்புக்கு முன், பம்புக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

முதலில் உறிஞ்சும் பக்கம். சீகாக்கை மூடுங்கள். பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் குட்டையான, கெட்டியான சுவருள்ள ஒரு புதிய ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைப் பக்கத்தில் வைத்த பெரிய வாளியில் போடுங்கள். ஓடும்போது ஒருவர் வாளியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் சீகாக், ஸ்ட்ரெய்னர், நீளமான ஹோஸ் ஆகிய மூன்றும் ஒரேயடியாக விலகிவிடும். ஓட்டம் 20 லிட்டருக்கு வந்தால் கோளாறு அந்தப் பக்கம்தான்: சீகாக்குக்குள் கொட்டலசு வளர்ந்திருக்கலாம், ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங் வழியாகக் காற்று உறிஞ்சப்படலாம், அல்லது ஹோஸின் உள்சுவர் பிரிந்து அதிக வேகத்தில் உறிஞ்சும்போது மட்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். கடைசியில் சொன்னது மிகவும் ஏமாற்றக்கூடியது. எஞ்சின் நின்ற பின் எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஹோஸ் நன்றாகவே இருக்கும்.

ஓட்டம் மாறவில்லை என்றால் பம்புக்குப் பின்னால் போக வேண்டும். பம்பின் வெளிவாய் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு அளங்கள். பிறகு அதை மாட்டிவிட்டு, எக்ஸ்சேஞ்சரின் வெளிவாய் ஹோஸைக் கழற்றி அளங்கள். இந்த இரண்டு சோதனைகளிலும் எல்போவுக்குத் தண்ணீர் போகாது. மஃப்ளரும் எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸும் உலர்ந்து சூடாகும். எனவே எஞ்சினை நியூட்ரலில் வைத்து, பதினைந்து இருபது வினாடிக்கு மேல் ஓட்டாதீர்கள்; ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுத் தொடங்குங்கள். கரைக் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் எடுத்து எல்போவின் நீர்வாயில் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது; ஆனால் எஞ்சின் எடுத்த பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும், எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே மூடிவிட வேண்டும். மேலே சொன்ன அதே ஆபத்து இங்கும் இருக்கிறது.

வெள்ளலை

விடை வருவதற்கு முன்பே ஒன்று சொல்லிவைக்கிறேன். கறுப்புப் புகை, முழு வேகத்துக்கு ஏறாத எஞ்சின், குறைந்த கடல்நீர் ஓட்டம் இந்த மூன்றும் ஒன்றாக வருவது எக்ஸாஸ்ட் எல்போவில்தான். புகை போகும் வழியும் தண்ணீர் போகும் வழியும் சந்திக்கும் ஒரே இடம் அது. புகைவழி கரியால் குறுகினால் எதிர் அழுத்தம் ஏறும். எரிந்த வாயு முழுவதும் வெளியேற முடியாமல் புதிய காற்றுக்கு இடம் குறையும். டீசல் அரைகுறையாக எரிந்து கறுப்பாக வரும். அந்தக் கரியே மேலும் போய்ப் படியும். தண்ணீர் தெளிக்கும் துளையிலோ உப்பும் துருவும் சேர்ந்து இறுகும். வெளியில் வண்ணம் பூசிய எல்போ பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும்.

பழைய இம்பெல்லர் முழுதாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் முந்தைய இம்பெல்லர்களின் நிலை தெரியாது என்றால், எக்ஸ்சேஞ்சரின் முகப்பு மூடியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். உடைந்த இதழ்த் துண்டுகள் போய்ச் சேருவது அங்கேதான். உலோகத்தை அரிப்பிலிருந்து காக்க வைக்கும் துத்தநாக ஆனோடு தேய்ந்து உடைந்த துண்டுகளும் குழாய் வாய்களில் சிக்கிக் கிடப்பது உண்டு.

நீலத்திரை

எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்தோம். அளந்தவை அனைத்தும் 2,600 ஆர்பிஎம்மில்.

வாளியிலிருந்து நேராக உறிஞ்சவிட்டபோதும் பின்பக்கம் வந்தது அதே 10 லிட்டர். ஆகவே சீகாக்கும் ஸ்ட்ரெய்னரும் சந்தேகத்திலிருந்து நீங்கின. பம்பின் வெளிவாயில் அளந்தபோது 20 லிட்டருக்குச் சற்று மேல். பம்பு எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. எக்ஸ்சேஞ்சரின் வெளிவாயில் 19. முகப்பு மூடியையும் திறந்தோம்: இதழ்த் துண்டு எதுவும் இல்லை, ஆனோடின் ஒரு சில்லு மட்டும் அடியில் கிடந்தது, குழாய்கள் திறந்திருந்தன.

மிஞ்சியது எல்போ மட்டுமே. அதன் நீர்வாய் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், நிப்பிளின் தொடக்கத்தில் அகலமாகவே இருக்கிறது. ஒரு விரற்கடை உள்ளே போனதும் பழுப்பு நிறத்தில் கல் போல இறுகிய ஒரு திரை. அதன் நடுவே ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் துளை. திருப்புளியால் குத்தினால் மேல்படலம் தகடு தகடாகப் பெயர்கிறது, அடிப்படலம் அசையவே இல்லை.

இன்றே கழற்றிவிட வேண்டும் என்று இருக்கிறது. எல்போவைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) நட்டுகளில் இரண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்டட் உடைந்தால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து எல்போவுக்கு அனுப்பும் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டி வருமே என்றுதான் தயங்குகிறேன்.

வெள்ளலை

அவசரப்பட வேண்டாம். துருவை இளக்கும் எண்ணெயை நட்டு மேல் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். இடையில் இரண்டு மூன்று முறை மீண்டும் விட்டு, நட்டின் தலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அறுகோண ஸாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை ஸாக்கெட் துருப்பிடித்த நட்டின் விளிம்புகளை மழுக்கிவிடும். ஒரேயடியாகத் தளர்த்த முயலாமல், முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பிறகு தளர்த்தி, மீண்டும் இறுக்கித் தளர்த்தி என்று முன்னும் பின்னுமாகப் போங்கள். அப்படியும் வராவிட்டால் நட்டை மட்டும் சூடாக்க வேண்டி வரும். எஞ்சின் அறையில் டீசல் ஹோஸும் ஆவியும் இருக்கும் இடத்தில் தீச்சுடர் வேண்டாம். மின்சார இன்டக்‌ஷன் கருவி கிடைத்தால் அது, இல்லையென்றால் நட்டை நெடுக்கில் அறுத்து உளியால் பிளந்துவிடுவது. நட்டு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், ஸ்டட்டைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

கழற்றியதும் மேனிஃபோல்டின் எக்ஸாஸ்ட் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். சுரண்டும் கரித்துண்டு உள்ளே விழக் கூடாது.

நீலத்திரை

ஸ்டட் எதுவும் உடையாமல் எல்போ கையில் வந்துவிட்டது. ஒரு நட்டை மட்டும் பிளக்க வேண்டியிருந்தது.

புகை வழியின் வட்டத்தில் பாதிக்கு மேல் கரி. எஞ்சின் பக்கம் அது உலர்ந்த தூளாக இருக்கிறது. தண்ணீர் கலக்கும் இடத்தை நெருங்க நெருங்க உப்போடு சேர்ந்து, உளி வைத்தால் ஒலிக்கும் அளவுக்கு இறுகியிருக்கிறது. தண்ணீர்த் துளைக்கு நேர் கீழே சுவர் குழிவிழுந்திருப்பது போலத் தெரிகிறது. இதை அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மீண்டும் போடலாமா, புதிது வாங்க வேண்டுமா?

வெள்ளலை

வார்ப்பிரும்பு எல்போவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைப்பது நடைமுறையில் உள்ளதுதான். உப்புப் படிவும் துருவும் கரையும், கரி கரையாது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி எடுத்து நன்றாகக் கழுவ வேண்டும். அலுமினியப் பாகங்களுக்கு இந்த முறை அறவே ஆகாது.

ஆனால் உங்கள் எல்போவில் குழி விழுந்திருக்கிறது என்கிறீர்கள். அங்கேதான் என் கவலை. எல்போவின் உள்ளே புகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அது ஊசி முனை அளவு துளைபட்டாலும், எஞ்சின் நின்ற பிறகு நீருறையில் தேங்கிய கடல்நீர் மேனிஃபோல்டுப் பக்கம் கசிந்து சிலிண்டரைப் போய்ச் சேரும். சில நேரங்களில் அந்தச் சுவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தப் படிவாகத்தான் இருக்கும். சுத்தம் செய்ததும் துளை திறந்துகொள்ளும். குழி விழுந்த எல்போவை நான் திரும்பப் போட மாட்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தவையும் பல எஞ்சின்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றில் வெல்டிங் ஓரங்களில் அரிப்பு வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

புதியதைப் போடும்போது பழைய கேஸ்கெட்டின் மிச்சம் இரண்டு முகங்களிலும் இல்லாமல் சுரண்டி, புதிய கேஸ்கெட் வைத்து, ஸ்டட்டில் வெப்பம் தாங்கும் ஆன்டி-சீஸ் பசை தடவி, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக இறுக்குங்கள். முதல் முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

கரைக்காற்று

எல்போ வெளியில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் கலக்கும் அந்த வாய் படகின் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது? 15 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், கடல்நீர் தானாக உள்ளே இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-சைஃபன் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, வேலையும் செய்ய வேண்டும். அதன் சிறிய ரப்பர் நாக்கு உப்பால் ஒட்டிக்கொண்டால், எஞ்சின் நின்ற பிறகு கடல்நீர் தானாகவே வழிந்து மஃப்ளரை நிரப்பும்.

நீலத்திரை

எங்கள் படகில் அந்த வால்வு உண்டு. கழற்றிப் பார்த்தேன்; நாக்கின் விளிம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. வெந்நீரில் கழுவிய பின் ஒரு பக்கம் ஊதினால் காற்று போகிறது, மறுபக்கம் போகவில்லை. சரியான நேரத்தில் சொன்னீர்கள்.

புதிய எல்போவைப் போட்டுக் கடலுக்குப் போய் வந்துவிட்டோம். 2,600-ல் வாளியில் 19 லிட்டர். அதே வேகத்தில் வெகு நேரம் கியரில் ஓட்டிய பின் தெர்மோஸ்டாட் கூட்டில் 81. கடல்நீர் 29-ல் நுழைந்து 41-ல் வெளியேறுகிறது. முழு த்ராட்டிலில் 3,450. புகையில் கறுப்பு இல்லை.

சுக்கான்

மிக்க மகிழ்ச்சி. உங்கள் இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. முன்பு 10 லிட்டர் தண்ணீர் 23 டிகிரி ஏறியது. இப்போது 19 லிட்டர் 12 டிகிரி ஏறுகிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் 230-ஐ ஒட்டியே வருகின்றன. அதாவது அன்றும் இன்றும் எக்ஸ்சேஞ்சர் கடத்துவது ஏறத்தாழ அதே 16 கிலோவாட் வெப்பத்தைத்தான். வாங்கியிருந்தால் அந்தப் புதிய எக்ஸ்சேஞ்சரோடும் உங்கள் எஞ்சின் இதே 95-ஐத் தொட்டிருக்கும். இந்த அளவுகளையும் நாளையும் எஞ்சின் மணிக் கணக்கையும் எஞ்சின் அறைக் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த முறை ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்க முடியாது.

பாய்க்கயிறு

எனக்கும் இதே வகை எஞ்சின்தான். எல்போவில் கரி ஏன் இவ்வளவு சேர்கிறது, அதைத் தவிர்க்க முடியுமா? இன்னொன்று: தண்ணீர் குறைந்ததைக் கூலன்ட் மீட்டர் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறதே, அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

சுக்கான்

டீசல் எஞ்சின் சுமையில்லாமல் நெடுநேரம் ஓடுவதுதான் பெரிய காரணம். நங்கூரமிட்ட இடத்தில் பேட்டரி ஏற்றுவதற்காக ஐடிலில் மணிக்கணக்காக ஓட்டும்போது எரியறை போதிய சூட்டை எட்டாது. எரியாத டீசலும் கரியும் எல்போவில் போய்ப் படியும். சார்ஜ் செய்ய வேண்டியிருந்தால், படகு நகரும் நேரத்திலேயே சுமையோடு செய்துகொள்ளுங்கள். துறைக்குத் திரும்புவதற்கு முன் சிறிது நேரமாவது முழு வேகத்துக்குப் பக்கத்தில் ஓட்டிவிட்டு, பிறகு நிதானமாக உள்ளே வாருங்கள். தண்ணீர்த் துளையில் சேரும் உப்பு தனி விஷயம். கடல்நீர் 60 டிகிரியை நெருங்கும்போது படிவு வேகம் பிடிக்கும். ஓட்டம் குறையக் குறையத் தண்ணீர் சூடாகி, படிவு இன்னும் விரைவாகச் சேர்ந்து, கடைசிக் கட்டத்தில் எல்லாம் ஒன்றாக நடந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை எல்போவின் நீர்வாய் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

எச்சரிக்கைக்கு, எல்போவுக்கு அடுத்துள்ள ரப்பர் எக்ஸாஸ்ட் ஹோஸின் மேல் பட்டைபோலச் சுற்றிக் கட்டும் வெப்ப சென்சார் கிடைக்கிறது. சரியான நிலையில் அந்த இடம் கை வைத்துத் தாங்கும் சூட்டில்தான் இருக்கும். கடல்நீர் நின்றால் அங்கே சூடு உடனே ஏறும். கூலன்ட்டுக்கோ எஞ்சினின் இரும்பு முழுவதும் சூடான பிறகுதான் தெரியும். அதற்குள் இம்பெல்லர் கிழிந்து, ரப்பர் ஹோஸும் வெந்துவிடும்.

நீலத்திரைக்கும் இதையொட்டி ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பல மாதங்களாகக் குறைந்த தண்ணீரோடு ஓடிய படகு என்பதால், எல்போவை அடுத்த ரப்பர் ஹோஸின் முதல் ஒரு முழ நீளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று அமுங்கினாலும், மொறுமொறுவென்று சத்தம் கேட்டாலும், உட்சுவர் பிரிந்து தொங்கினாலும் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். இரண்டு முனைகளிலும் இரட்டை கிளிப் போட மறக்காதீர்கள்.

நீலத்திரை

அழுத்திப் பார்த்தேன். எல்போவை ஒட்டிய நான்கு விரல் அகலம் மற்ற இடங்களைவிடத் தெளிவாக மெத்தென்று இருக்கிறது. புதிய ஹோஸ் சொல்லியாயிற்று. அது வந்து மாட்டும்வரை படகைத் துறையிலேயே வைத்திருக்கப் போகிறேன்.